கருவாட்டுத் திருடர்களும் கிரேக்கப் பட்டங்களும்: மன்னார்ப் பறவைகளின் பெயர்கள் குறித்து ஓர் ஆழ்ந்த ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையிலும் வாழ்கின்ற, வந்து போகின்ற, வந்து கருவாட்டைத் தூக்கிப் போகின்ற பறவைகளுக்கு இலத்தீன், கிரேக்கம், பழைய ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வழங்கப்பட்டுள்ள பெயர்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பெயர்களால் பறவைக்கு என்ன பயன், கருவாட்டுக்கு என்ன பாதுகாப்பு, மனிதனுக்கு என்ன பெருமை என்ற மூன்று கேள்விகள் எழுப்பப்பட்டன. முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'அறவே இல்லை', மூன்றாவதற்கு 'நிறைய' என்பன விடைகளாகக் கிடைத்தன. அவசரமுள்ள வாசகர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். பதவி உயர்வுக்காகப் படிப்பவர்கள் மேலே படிக்கவும்.

1. ஆய்வின் தேவை

இலங்கைப் பறவைகளைப் பற்றி யாரும் ஆராயவில்லை என்று சொல்ல முடியாது. பிரித்தானிய பீரங்கிப் படையில் இருந்த வில்லியம் வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக ஒரு பெரும் நூலை வெளியிட்டார். பீரங்கிக்கு வேலை இல்லாத காலத்தில் ஒரு படை அதிகாரி உருப்படியாக என்ன செய்யலாம் என்பதற்கு அந்நூல் நற்சான்று. 1955இல் ஜி. எம். ஹென்றி, தாமே வரைந்த படங்களுடன் ஒரு கையேட்டைத் தந்தார். இருவரும் அலகின் நீளத்தைச் சொன்னார்கள். இறகின் நிறத்தைச் சொன்னார்கள். முட்டையின் புள்ளியைக்கூட விடவில்லை. ஆனால் பேசாலைக் கரையில் பாயில் காயும் நெத்தலிக்கும் மேற்படி அலகுக்கும் உள்ள உறவு என்ன, அந்த உறவில் இலத்தீன் மொழியின் பங்கு என்ன என்பதைப் புலமையுலகம் இன்றுவரை தொடவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. குறை இருப்பதாக யாரும் முறைப்பாடு செய்யவில்லை என்பது ஆய்வுக்குத் தடையாகாது. பெரும்பாலான ஆய்வுகள் அப்படித்தான் தொடங்குகின்றன.

2. களமும் முறையும்

மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று அறிஞர் அழைக்கும் வான்வழியின் தென்கோடி இறங்குதுறைகளுள் மன்னாரும் ஒன்று. வடக்கே பனி விழத் தொடங்கியதும் புறப்படும் பறவைகள், இந்தியா முழுவதையும் கடந்து, ஆதாம் பாலத் திட்டுகளைத் தாண்டி, தள்ளாடிக் கடலேரியிலும் வங்காலைச் சேற்றிலும் வந்து இறங்குகின்றன. 2008இல் வங்காலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று. பரப்பு 4,839 ஹெக்டேர். ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971இல் எழுதப்பட்ட சாசனம், வங்காலைச் சேற்றுக்குச் சான்றிதழ் தருகிறது. சேறு அதற்கு முன்பும் சேறாகத்தான் இருந்தது.

கையாளப்பட்ட ஆய்வு முறைக்குப் 'பார்த்துக்கொண்டு நிற்றல்' என்று பெயர். கருவிகள் இரண்டு: ஒரு தொலைநோக்கி, ஒரு குடை. குடையின் தேவையை விளக்க ஒரு கலைச்சொல் அவசியம். பறவையின் கழிவும் முட்டையும் வெளியேறும் ஒரே வாசலை உடற்கூற்றியலார் 'குளோயேக்கா' என்பர். இலத்தீனில் அது சாக்கடையைக் குறிக்கும். பண்டை ரோமாபுரியின் பெருஞ்சாக்கடைக்கும் 'குளோயேக்கா மாக்ஸிமா' என்றுதான் பெயர். ரோமாபுரியின் சாக்கடை ஊருக்குக் கீழே ஓடியது. மன்னார்ப் பேருந்து நிலைய மரத்தடியில் அது தலைக்கு மேலே இருக்கிறது. குடைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

3. காக இயல்

ஆய்வில் முதலிடம் காகத்துக்கு. மற்றப் பறவைகள் பருவம் பார்த்து வரும். காகம் வருவதில்லை, இருக்கிறது. இதன் விலங்கியல் பெயர் 'கோர்வஸ் ஸ்பிளெண்டன்ஸ்'. 1817இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் சூட்டியது. ஸ்பிளெண்டன்ஸ் என்றால் ஒளிவீசுவது, பளபளப்பது. மயிலுக்கும் மீன்கொத்திக்கும் கிடைக்காத இந்தப் பட்டம், மீன் சந்தை வாசலில் செவுள் கிளறும் பிராணிக்குக் கிடைத்தது. வியேயோவின் வீட்டில் கருவாடு காயவில்லை என்று ஊகிக்கலாம்.

தென்னிந்திய, இலங்கைக் காகத்துக்கு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: 'புரோட்டெகேட்டஸ்'. 1904இல் இதைச் சூட்டியவர் மதராஸ் என்பவர். சென்னைக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம், அவர் ஹங்கேரியர். அவர் மொழியில் மதராஸ் என்றால் பறவை பிடிப்பவன் என்று பொருள். ஆக, பறவை பிடிப்பவன் என்ற குடும்பப் பெயருடைய ஒருவர் பறவை பிடிக்கும் தொழிலுக்கே வந்து, நம் ஊர்க் காகத்துக்கு உபபெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயர்ப் பொருத்தம் பார்க்கும் சோதிடர்கள் கவனிக்க.

காகக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் இருக்கிறது. 1486இல் அச்சான புனித ஆல்பன்ஸ் நூல் என்ற வேட்டைச் சுவடியில், எந்த விலங்கின் கூட்டத்தை எப்படிச் சொன்னால் கனவான், எப்படிச் சொன்னால் பட்டிக்காட்டான் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதன்படி காகக் கூட்டம் ஒரு 'மேடர்'; அதாவது கொலை. ஆகவே, 'எங்கள் மதிலில் ஒரு கொலை உட்கார்ந்திருக்கிறது' என்று சொல்வது ஆங்கில இலக்கணப்படி சரி. இதைப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

காகத்தின் உத்தியோக வரலாறும் குறிக்கத்தக்கது. 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் புழு பெருகியபோது, அவற்றைத் தின்பதற்கென்று இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயா ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞராகப் போய்க்கொண்டிருந்த அதே காலம். இரு தரப்பாரும் அங்கேயே வேரூன்றினார்கள். எழுதுவினைஞர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. காகங்கள் பெருகித் தொல்லைப் பறவை என்ற பட்டியலில் ஏறின. பின்னாளில், 1994 அளவில், இதே இனத்தைச் சேர்ந்த காகங்கள் ஏதோ கப்பலில் தொற்றிக்கொண்டு நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் போய் இறங்கின. குளிரைத் தாங்கிக் குஞ்சும் பொரித்தன. அந்நாடு அவற்றை அந்நிய ஆக்கிரமிப்பு இனம் என்று வகைப்படுத்தி, வழக்கு மன்றப் படிகளையும் கடந்து, சுட்டு ஒழிக்க உத்தரவிட்டது. கப்பலேறிப் போய் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை மன்னார் வாசகருக்கு இக்கட்டுரை விளக்க வேண்டியதில்லை.

இனிப் பரிசோதனை. பேசாலையில் கருவாட்டுப் பாயின் ஓரமாக வந்து அமர்ந்த காகம் ஒன்றை நோக்கி அதன் விலங்கியல் பெயர் உரத்துச் சொல்லப்பட்டது. மாற்றம் இல்லை. ஆங்கிலப் பெயர் சொல்லப்பட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. 'சூ' என்ற தமிழ்ச் சொல் பயன்படுத்தப்பட்டது. இரண்டு எட்டுத் தள்ளி அமர்ந்தது. அப்போது கருவாட்டின் சொந்தக்காரியான அக்கா குறுக்கிட்டார். "பேர் என்னவெண்டாலும் வச்சுக்கொள்ளுங்கோ தம்பி. கல்லை எடுத்தாத்தான் அது போகும்" என்றார். எடுத்தார், போயிற்று. ஆய்வின் முதல் விதி இவ்வாறு நிறுவப்பட்டது: பெயரின் நீளம் கருவாட்டின் பாதுகாப்பைப் பாதிப்பதில்லை.

4. மடமை இயல்

பழைய ஆங்கிலத்தில் முட்டாளைக் குறிக்கும் சொற்களுக்கும் கடற்பறவைகளைக் குறிக்கும் சொற்களுக்கும் நடுவே வேலி கிடையாது. 'நொடி' என்பது ஆலாக்களின் உறவான ஒரு பழுப்புக் கடற்பறவை. நொடி என்றால் அசடன். அதற்குச் சுவீடிய இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் 'ஸ்டோலிடஸ்', இலத்தீனில் மந்தபுத்தி. அது சேர்ந்துள்ள பேரினம் 'ஆனவுஸ்'; கிரேக்கத்தில் அறிவற்றது. ஆங்கிலம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளும் இவ்வளவு ஒற்றுமையாக வேறு எந்த விடயத்திலும் கையொப்பமிட்டதில்லை. 'பூபி' என்ற இன்னொரு கடற்பறவையின் பெயர், முட்டாள் என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கடற்காகத்தின் ஆங்கிலப் பெயரான 'கல்', பழைய வழக்கில் ஏமாளிக்கும் பெயர். ஏமாற்றுவதற்கும் அதுவே வினைச்சொல். தமிழ்க் காகம் கல்லுக்குப் பயப்படுகிறது; ஆங்கிலக் கடற்காகமோ பெயரிலேயே கல்லை வைத்திருக்கிறது.

வங்காலையில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து மிதக்கும் 'விஜியன்' வாத்தும் இப்பட்டியலில் அடங்கும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவனை விஜியன் என்றால் பேதை என்று பொருள். தமிழில் இதற்கு நாமத்தலை வாத்து என்று பெயர். ஆணின் நெற்றியில் வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று நாமம் போல இருப்பதால் வந்தது. ஆங்கிலேயர் ஏமாளி என்றார்கள். நாம் நாமம் போட்டோம். இரண்டு நாகரிகங்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. இதன் இலத்தீன் பெயரில் மட்டும் 'பெனலோப்பி' என்ற கிரேக்கக் காவிய நாயகி இருக்கிறாள். கடலில் எறியப்பட்ட குழந்தையான அவளை வாத்துகள் காப்பாற்றியதாகக் கதை.

இப்பறவைகள் செய்த மடத்தனம் என்ன? மனிதனும் பூனையும் எலியும் இல்லாத தீவுகளில் காலங்காலமாகக் கூடு கட்டி வாழ்ந்தவை நொடியும் பூபியும். கப்பற்காரன் கரையேறி வந்தபோது அவை ஓடவில்லை. கையால் பிடித்துக் கழுத்தைத் திருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தன. தின்று முடித்த பிறகு கப்பற்காரன் அவற்றுக்கு அசடு என்று பெயர் வைத்தான். ஆங்கில அகராதியின்படி அறிவு என்பது மனிதனைக் கண்டதும் ஓடுவது. இந்த அளவுகோலில் மன்னார்க் காகம் அரை அறிவுள்ளது, கழுதை அறவே இல்லாதது, வரி உத்தியோகத்தரைக் கண்ட கடைக்காரர் மகாமேதை.

5. தவறுதலாகக் கிடைத்த பதவிகள்

கரையோரம் கூழாங்கல்லையும் சிப்பியோட்டையும் புரட்டிப் புரட்டி இரை தேடும் சிறு பறவை கல்திருப்பி உள்ளான். தலைமன்னார்க் கரையில் குளிர்காலத்தில் தாராளமாகக் காணலாம். இதன் விலங்கியல் பெயர் 'அரினேரியா இண்டர்ப்ரெஸ்'. அரினேரியா மணலைச் சுட்டும். இண்டர்ப்ரெஸ் என்றால் மொழிபெயர்ப்பாளர். லின்னேயஸ் 1741இல் சுவீடனின் கோட்லண்ட் தீவுக்குப் போனார். அங்கே மக்கள் ஒரு பறவையைத் 'தோல்க்', அதாவது மொழிபெயர்ப்பாளன், என்று அழைத்தார்கள். அது கல்திருப்பி என்று அவர் குறித்துக்கொண்டார். மக்கள் சொன்னதோ பவளக்காலி என்ற வேறொரு பறவையை. அதாவது, மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரே மொழி பெயர்க்கும்போது தவறிப்போய் இந்தப் பறவையின் தலையில் விழுந்தது. கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு மன்னார்க் கச்சேரி வாசலில் நிற்பவர்கள், கடற்கரையில் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கல் புரட்டிக்கொண்டிருப்பதை அறிய வேண்டும். வெற்றிடம் நிரப்பப்பட்டே இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது.

அடுத்து, நண்டு தின்னும் கறுப்பு வெள்ளைப் பறவை. ஆங்கிலேயர் இதை உப்புக்கொத்தி வகையில் சேர்த்து 'கிராப் புளோவர்' என்றனர். இலத்தீனில் 'துரோமாஸ் ஆர்டியோலா': ஓடுகின்ற சிறுகொக்கு. இது உப்புக்கொத்தியும் அன்று, கொக்கும் அன்று. தன் குடும்பத்தில் தான் ஒன்றே உறுப்பினர். கரைப்பறவைகளில் இது மட்டுமே மணலில் நீண்ட வளை தோண்டி, இருட்டில் வெள்ளை முட்டை இடும். இப்படி ஒரே வீட்டுக்காரராக வாழும் பறவைக்கு இரண்டு வெவ்வேறு குடும்பங்களின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் இதைவிட மோசமான பதிவுகள் உண்டு என்பது மட்டுமே ஆறுதல்.

மூன்றாவது, சிப்பிபிடிப்பான். 'ஹேமட்டோபஸ் ஆஸ்ட்ரலேகஸ்' என்றால் குருதிக்கால் கொண்ட சிப்பி பொறுக்கி. எப்போதாவது குளிர்காலத்தில் ஆதாம் பாலத் திட்டுகளில் தலைகாட்டும். சிப்பி பொறுக்குவது என்ற பட்டயம் பெயரிலேயே இருந்தும், மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்கள் இதற்குக் கிடைக்கவில்லை. பிரித்தானிய அரசு முதலில் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மனை 1902இல் வரவழைத்தது. அவர் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களில் அறிக்கை எழுதினார். முத்து உருவாகக் காரணம் நாடாப்புழுவின் குட்டி என்றார். பிறகு 1906இல் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்கள் விடப்பட்டன. சிப்பி வற்றிப்போக, குத்தகைக் காலம் முடிவதற்கு வெகு முன்பே கம்பனி கடையைக் கட்டியது. இதிலிருந்து பெறப்படும் இரண்டாம் விதி: பெயர் ஒருவருக்கு, பத்திரம் வேறொருவருக்கு.

6. சேறு, சம்பளம், கொட்டாவி

பெயர் வைப்போர் எப்போதும் தவறுவதில்லை. சிலவேளை உண்மையை இரண்டு முறை சொல்லிவிடுவார்கள். வங்காலையில் பெருந்திரளாக மேயும் கருவால் மூக்கன் 'லிமோசா லிமோசா'. இலத்தீனில் லிமஸ் என்றால் சேறு. ஆகவே இது சேற்றுச் சேற்றுப் பறவை. தாவரவியலில் ஒரே சொல்லை இப்படி இரட்டிக்க விதி இடம் தராது, விலங்கியலில் தரும். மழைக்குப் பிறகு வங்காலை வீதியில் நடந்தவர் எவரும் இரட்டித்தது மிகை என்று சொல்லமாட்டார்.

கள்ளிப்புறா இலங்கையின் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. மன்னாரை உள்ளிட்ட வடமேற்கு, வடக்கு வறண்ட கரைக்குத்தான் அது சொந்தம். பனங்காட்டிலும் தந்திக்கம்பியிலும் உட்கார்ந்து மூன்று அசையில் கூவும். அதன் பெயர் 'டெக்கவோக்டோ'; கிரேக்கத்தில் பதினெட்டு. கிரேக்கக் கதையின்படி, ஓர் எசமானி தன் வேலைக்காரிக்கு ஆண்டுக்கு வெறும் பதினெட்டு காசு கொடுத்தாள். இந்த அநியாயத்தை உலகம் அறிய வேண்டும் என்று வேலைக்காரி தேவர்களிடம் முறையிட்டாள். தேவர்கள் சம்பளத்தை உயர்த்தவில்லை. அதற்குப் பதிலாக அத்தொகையை நாள்முழுக்கக் கூவிச் சொல்லும் ஒரு புறாவைப் படைத்தார்கள். விசாரணைக் குழு அமைத்துவிட்டுச் சம்பளத்தை அப்படியே விடும் வழக்கம் ஒலிம்பஸ் மலையிலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று.

கட்டுக்கரைக் குளத்தில் நிற்கும் நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒட்டுவதில்லை. ஆகவே 'ஓசிட்டன்ஸ்', கொட்டாவி விடுவது, என்ற பெயரை 1783இல் பெற்றது. நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கும் நுட்பமான வேலைக்கு அந்த இடைவெளி உதவுகிறது. நாள் முழுவதும் உழைக்கும் பறவைக்குக் கொட்டாவி என்று பெயர். பதினொரு மணிக்குத் தேநீருக்கு எழும் உத்தியோகத்தருக்கு நிறைவேற்று அதிகாரி என்று பெயர்.

7. ஊர்ப் பெயர்ச் சிக்கல்கள்

மன்னாரின் பற்றைக்காட்டில் கிரீச்சிடும் கௌதாரியின் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது: 'பொண்டிசெரியானஸ்', 1789. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில், அதாவது 1964 புயலுக்கு முன், பெட்டி படுக்கையுடன் வந்தவர்களிடம் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். கௌதாரி மட்டும் பாண்டிச்சேரி முகவரியை நெற்றியில் எழுதிக்கொண்டு, விசா இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது.

பூநாரையின் ஆங்கிலப் பெயரான 'ஃபிளமிங்கோ', போர்த்துக்கேய, ஸ்பானிய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்தார்கள். கோட்டை கைமாறியது, சொல் கைமாறவில்லை. கிரேக்கப் பெயரான 'பீனிக்கொப்டெரஸ்', செந்நிறச் சிறகு என்று பொருள்படும். அந்தச் சிவப்பு பிறவியில் வருவதில்லை. சேற்றிலும் உப்பு நீரிலும் உள்ள நுண்ணிய இறால் வகைகளையும் பாசியையும் தலைகீழாக அலகை வைத்து வடித்துத் தின்பதால் ஏறுவது. சேற்றை எடுத்துவிட்டால் சிறகு வெளுத்துவிடும். கிரேக்கப் பெயர் பொய்யாகிவிடும். வாசகர் இந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருக்கவும்.

தமிழ்ப் பறவைப் பட்டியல்களில் வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டானுக்குக் குதிரைமலைக் கோட்டான் என்றொரு பெயர் உண்டு. மன்னாருக்குத் தெற்கே, கடலை நோக்கி நிற்கும் குதிரைமலை முனை உண்டு. இரண்டுக்கும் உறவு இருந்தே தீர வேண்டும் என்று இக்கட்டுரையாளர் தீர்மானித்துவிட்டார். ஆதாரம் கேட்பவர்கள், மொழிபெயர்ப்பாளன் விடயத்தில் லின்னேயஸிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

8. குறி பார்த்தலும் காற்றாலையும்

பண்டை ரோமாபுரியில் பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் குறி சொல்லும் அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் எந்தப் பொதுக் காரியமும் தொடங்கக் கூடாது. அப்படிக் குறி பார்த்துத் தொடங்கி வைப்பதைக் குறித்த சொல்லிலிருந்தே 'இனாகுரேஷன்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. ஆகவே, நாடா வெட்டி, விளக்கேற்றி, பிரமுகர் உரையாற்றும் ஒவ்வொரு திறப்பு விழாவும் சொல்லளவில் ஒரு பறவை பார்க்கும் சடங்கு. வீட்டு முற்றத்தில் காகம் கரைந்தால் விருந்து வரும் என்று சொல்லும் நம் பாட்டிமாரை ரோமாபுரியில் அரச பதவியில் அமர்த்தியிருப்பார்கள்.

2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை திறந்து வைக்கப்பட்டது. முப்பது காற்றாலைகள். பறவைக் கூட்டம் வருகிறதா என்று கண்காணிக்க அங்கே ரேடாரும் உண்டு. ரோமாபுரியில் பறவையைப் பார்த்துவிட்டுத் திறந்தார்கள். இங்கே திறந்துவிட்டுப் பார்க்கிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் பறவைக்கு இது சிறிய வேறுபாடு அன்று. மன்னாரில் பிடித்துச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, 'மேகா' என்று பெயரிட்டு விடப்பட்ட கடற்காகம் ஒன்று, ரஷ்யாவின் வடகோடியில் உள்ள யமல் தீபகற்பம் வரை போனது. கொழும்புப் பல்கலைக்கழகப் பறவையியலாளர்கள் அதன் பாதையைத் திரையில் பார்த்தார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் வழியில் மலையும் பாலைவனமும் உண்டு. மன்னாரின் வாசலில் சுழலும் இறக்கைகளும் உண்டு.

9. விதிக்கோவையும் வர்த்தமானியும்

விலங்குகளின் பெயர்களுக்கு ஓர் உலகச் சட்டம் இருக்கிறது: சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிக்கோவை. அதன்படி கணக்கு 1758 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது; லின்னேயஸின் நூலின் பத்தாம் பதிப்புக்கு அந்தத் தேதியே வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பெயர் எதுவும் செல்லாது. நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் நாரையையும் குருகையும் பெயர் சொல்லி அழைத்துத் தூது விட்டது 1758க்கு வெகு முந்தியது. ஆகவே அந்தத் தூதுகள் சட்டப்படி பெறுநருக்குப் போய்ச் சேரவில்லை.

இச்சட்டத்தின் உயிர்நாடி முந்துரிமை: யார் முதலில் வைத்தாரோ அவர் வைத்ததே பெயர். பொருத்தமற்றது, பொய்யானது என்பதற்காக அதை நீக்க முடியாது. சொர்க்கப் பறவை ஒன்றுக்கு லின்னேயஸ் 'அப்போடா', காலில்லாதது, என்று பெயர் வைத்தார்; வியாபாரிகள் கொண்டுவந்த தோல்களில் காலை வெட்டியிருந்தார்கள். அதற்குக் கால் இருப்பதை உலகமே பார்த்துவிட்டது. பெயர் மட்டும் இன்றும் காலில்லாமலே நிற்கிறது. மொழிபெயர்ப்பாளன் கல் புரட்டுகிறான். ஓடும் சிறுகொக்கு கொக்காகாமலே ஓடுகிறது. மீன் சந்தைக் காகம் ஒளிவீசிக்கொண்டிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை திருத்த அலைந்தவர்களுக்கு இந்த உறுதி புரியும்.

இனி இடத்துக்கு வருவோம். மன்னார்க் கரையின் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. கண்டல் காடும் உவர்நிலமும் கடற்புல்லும் சேர்ந்த பெருநிலம். 2024இல் அதிலிருந்து 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காகக் கழற்றிவிட்டு ஒரு வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் வழக்குப் போட, உயர் நீதிமன்றம் அதைத் தற்காலிகமாகத் தடுத்தது. 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நிலத்தடி நீர், வெள்ளம், கரைவலைப் பாடு என்று அவர்கள் சொன்ன காரணங்களும் பறவைகளின் காரணங்களும் ஒரே சேற்றில்தான் நிற்கின்றன.

ஆய்வின் மூன்றாவதும் கடைசியுமான விதி இங்கே பிறக்கிறது: ஒரு பறவையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்ற உலக ஆணையம் கூட வேண்டும், அதன் சேற்றை மாற்ற ஒரு வர்த்தமானித் தாள் போதும்.

10. எதிர்வாதமும் மறுப்பும்

பெயர் இல்லாமல் எதைக் காப்பாற்றுவது, பட்டியல் இல்லாமல் எந்தச் சட்டம் இயங்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வங்காலை ராம்சார் நிலமானதே, எந்தப் பறவை எத்தனை வருகிறது என்று பெயர் சொல்லி எண்ணியவர்களால்தான். பெயர்களை இக்கட்டுரை எதிர்க்கவில்லை. பெயரோடு நின்றுவிடுவதைத்தான் எதிர்க்கிறது. பூநாரைக்குக் கிரேக்கத்தில் செஞ்சிறகு என்று பட்டம் கொடுத்துவிட்டு, அந்தச் சிவப்பு ஊறும் உவர்நீரை இறால் பண்ணைக்குக் கொடுத்தால், கொடுத்த பட்டத்தை யார் திருப்பி வாங்குவது?

11. பரிந்துரைகள்

அ. காகத்தின் 'ஒளிவீசுவது' என்ற பட்டம் தொடரலாம். பேசாலை அக்காவின் கல்லும் தொடரலாம்.

ஆ. கல்திருப்பி உள்ளானை மொழிபெயர்ப்பாளர் பதவியிலிருந்து விடுவித்து, அந்த இடத்துக்கு இரு மொழியும் தெரிந்த மனிதர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

இ. கள்ளிப்புறாவின் சம்பளக் கோரிக்கை, அது காட்டும் பொறுமையை முன்னிட்டு, மீள்பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

ஈ. விலங்கியல் பெயர்களுக்கு இருக்கும் முந்துரிமை விதி, விலங்குகளின் இடத்துக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். முதலில் வந்தவருக்கே உரிமை என்றால், வங்காலைச் சேற்றிலும் விடத்தல்தீவுக் கண்டலிலும் ஆதாம் பாலத் திட்டுகளிலும் முதலில் வந்து இறங்கியவர் யார் என்பதில் எந்த அறிஞருக்கும் ஐயம் இருக்க முடியாது. கம்பனிகள் அதற்குப் பிறகு வந்தவை. வர்த்தமானியும் அப்படியே.

முதல் மூன்று பரிந்துரைகளையும் அரசு தாராளமாகப் புறக்கணிக்கலாம். நான்காவதைப் புறக்கணித்தால், இக்கட்டுரையில் சொன்ன பெயர்கள் எல்லாம் அருங்காட்சியக அலுமாரிகளுக்கு மட்டுமே உதவும்.